மழை நாளில் ஒரு தடவை

சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றார் ஹெலன்.
எடைமேடைச் சீட்டுகள்தான் இருந்தன.
வண்டியின் டேஷ்போர்டிலிருந்து அள்ளிவந்த
நாலு மாதத்தை மேசையில் கொட்டினேன்.
கேரட் மண் உதிர்ந்தது.
அவர் அதைத் தட்டிவிடாமல்
தேதி பார்த்து அடுக்கத் தொடங்கினார்.

கோத்தகிரியில் ஸ்டவ் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
வீட்டுக்கடன் ஆலோசனை, கட்டணம் இல்லை என்று ஒரு போர்டு.
கட்டணம் இல்லையென்றால்
எங்கேயோ கமிஷன் இருக்கும் என்றாள் யோகராணி.
கடைசிப் படியில்
செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றாள்.

எங்கள் பெயர் எழுதிய ஒரே கதவு
பிக்கப் வண்டியின் கதவு.
அதற்கும் பதினோரு தவணை பாக்கி.
ரோடு அடைத்துக்கிடந்த நவம்பரில்
இரண்டு தவணை பிந்தியதை
கம்ப்யூட்டர் மறக்கவில்லை.
"மலை சரிஞ்சதுன்னு பேங்குக்கு எழுதித் தரேன்.
ஆனா சந்தனம் அண்ணா,
கம்ப்யூட்டர் மலையைப் பார்த்ததில்ல."

ஒரு நோட்டு வாங்கச் சொன்னார்.
டீசல், டீ, பஞ்சர், கூலி, தினமும்.
ராத்திரி செக்போஸ்ட்டில் கொடுப்பதை
எந்தத் தலைப்பில் எழுத என்றேன்.
முதல் தடவையாகச் சிரித்தார்.
"இதர."

ஏழு மாதம் எழுதினேன்.
நெடுகுளாவில் லோடு ஏற்றி
மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கி
விடியும்போது ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து.
எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
நினைத்ததைவிடக் குறைவு.

அரவேணுவில் ரோட்டுக்குக் கீழே அந்த வீடு.
இரண்டு அறை, பச்சைச் சுவர், ஒன்றரை சென்ட்.
கிரைண்டர் இங்கே, பீரோ அங்கே என்று
யோகராணி சாண் போட்டு அளந்துவிட்டாள்.
நாளைக்குள் ஐம்பதாயிரம் முன்பணம்,
கோயம்புத்தூர் பார்ட்டி ஒன்று காத்திருக்கிறது
என்றார் தரகர் சகாயம்.
அந்தப் பார்ட்டி எந்த வீட்டுக்கும் காத்திருக்கும்.

மூலப்பத்திரம் பார்த்தார் ஹெலன். பட்டா பார்த்தார்.
முப்பது வருடத்து வில்லங்கத்தை
விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.
எல்லாம் சுத்தம்.
சந்தோஷப்பட்டு எழுந்தோம்.
"பின்பக்கச் சுவர் என்ன கலர்?"
பச்சைதான். யோசித்தால்,
மற்றதைவிடப் புதுப் பச்சை.
"அப்ப மழை நாள்ல ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.
ராத்திரியானா நல்லது."

ராத்திரி இரண்டரை. அடைமழை.
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
பூட்டிய வீட்டின் பின்சுவரில் காதை வைத்தேன்.
உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது.
யாரும் இல்லை.
தரைக்கு அடியில் தண்ணீர்
பழகின வழியில் போய்க்கொண்டிருந்தது.

மண்டியிலிருந்து ஹெலனுக்குப் போன் செய்தேன்.
வாங்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.
"அதை நான் சொல்லக்கூடாது.
என்ன கேட்டுச்சு, அதைச் சொல்லுங்க."
சொன்னேன்.
சொல்லி முடித்ததும்
கேட்க வேறு எதுவும் இல்லாமல் போனது.

யோகராணி மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள்,
இந்த மலையில் ஈரமில்லாத சுவர்
எவன் வீட்டில் இருக்கு என்றாள்.
பதில் இல்லை என்னிடம்.
வாடகை வீட்டுக்கு இருநூறு ரூபாய் ஏற்றினார்கள்.
அதையும் எழுதினேன்.

தை மாதம் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது.
வாசலில் புதுக் கயிறு கட்டியிருந்தார்கள்,
சின்னதாக ஒரு யூனிபார்ம் காய்ந்துகொண்டிருந்தது.
வண்டி தானாக மெதுவானதுபோல் இருந்தது.
நான்தான் பிரேக்கை மிதித்திருந்தேன்.

வெயில் காலம் முழுக்க அப்படியே கடந்துபோனேன்.
ஹாரன்கூட அடிக்கவில்லை.
வாங்கியவர்களிடம் போய் என்னவென்று சொல்வது?

வைகாசியில் முதல் மேகம் இறங்கிய அன்று
எடைச்சீட்டின் பின்னால்
ஹெலனின் நம்பரை எழுதி,
கீழே, பின்பக்கச் சுவரில் காது வைத்துப் பாருங்கள் என்று எழுதி
கேட்டின் கம்பியில் செருகிவிட்டு வந்தேன்.
குஞ்சப்பனை வரை இரண்டாம் கியர்.

நோட்டில் எழுதினேன்:
அரவேணு, ஐந்து நிமிடம். இதர.